முருகேசுக்கு, தலவாக்கலையிலிருந்து

தலவாக்கலை
14.07.2024

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கோத்தகிரியில் விடாத மழை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். துணி காயவில்லை, கொழுந்துக்குப் போகிறவர்கள் இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டே மலையேறுகிறார்கள். நான் பதில் போடாததற்குக் காரணம் மழை இல்லை. பெரியக்காவின் வாய்ப்புற்றுக்குக் கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) வைக்கக் கண்டிக்கு அலைந்துகொண்டிருந்தேன். முந்தாநாள் 35வது தடவை. அதோடு முடிந்தது.

வாரநாட்களில் கட்டுகஸ்தோட்டையில் மருமகன் வீட்டில் தங்கல், சனி ஞாயிறு வீடு. முதல் நாள் ஒரு பிளாஸ்டிக் தகட்டைச் சுடுதண்ணீரில் இளக்கி அக்காவின் முகத்தின்மேல் இழுத்து விட்டார்கள். ஆறினதும் அது வலை முகமூடியாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் அதை மாட்டி மேசையோடு பூட்டிவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். சில நிமிடம்தான். அக்கா வெளியே வரும்போது இடியப்பத் தட்டில் முகம் வைத்துப் படுத்த மாதிரி கன்னம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தடம் இருக்கும். முதல் நாளே கேட்டாள்: “சூடு இல்ல, வலி இல்ல, வெளிச்சங்கூட இல்ல. இதுக்கா என்னய இவ்வளவு தூரம் கூட்டியாந்த?”

சூட்டுக் கணக்கில் அவள் கேட்டது சரிதான். 70 கிலோ ஆளுக்கு உடம்பு முழுக்க ஒரே தடவையில் 4 கிரே (உடம்பு வாங்குகிற கதிரை அளக்கிற அலகு) கதிர் பட்டு, வைத்தியமும் இல்லையென்றால், பிழைப்பது பாதிக்குப் பாதி. ஆனால் அந்தக் கதிர் உடம்பில் இறக்கிவிடுகிற சக்தி மொத்தமே 280 யூல்தான். தேக்கரண்டி நிறையாத அளவு சுடு பிளேன்டியை விழுங்கினால் உடம்புக்குக் கிடைக்கிற சூடும் அவ்வளவே. பிளேன்டி குடித்து யார் செத்தார்கள்? தேத்தண்ணிச் சூடு எல்லா மூலக்கூறுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்காகிவிடுகிறது. கதிர் அப்படிப் பங்கு வைப்பதில்லை; அகப்பட்ட அணுவிலிருந்து இலத்திரனைப் பிடுங்கிவிடுகிறது. அந்த மூலக்கூறு பிறகு பழைய மூலக்கூறு இல்லை.

கலத்தில் (உங்கள் பக்கம் செல் என்பார்கள், எனக்கு இன்னும் கலம்தான் வாயில் வருகிறது) பெரும்பங்கு தண்ணீர். அதனால் கதிர் அதிகமாக மோதுவதும் தண்ணீரில்தான். தண்ணீர் உடைந்து ஐதரொட்சில் என்று ஒரு அரைகுறைத் துண்டு பிறக்கிறது. கண் சிமிட்டும் நேரம்கூட அதற்கு ஆயுள் இல்லை. போகிற தூரம் சில நனோமீற்றர் (ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு). டீ.என்.ஏ. (பரம்பரைத் தகவல் எழுதியிருக்கிற இரட்டை இழை) முறுக்கின் அகலமே 2 நனோமீற்றர் என்பதால், பக்கத்தில் பிறந்துவிட்டால் அதற்கு அந்தத் தூரம் போதும். எக்ஸ் கதிர் டீ.என்.ஏ.யில் செய்கிற சேதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தத் துண்டின் கைவரிசை.

1 கிரே பட்ட ஒரு கலத்தில் டீ.என்.ஏ.யின் ஒற்றை இழை மட்டும் ஆயிரம் இடம் அளவில் அறுகிறது. இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுவது 40 அளவில். ஆயிரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எதிர் இழை முழுசாக இருக்கிறது, அதைப் பார்த்து நிரப்பிக்கொள்ளும். ஆபத்து அந்த 40தான். பார்த்து எழுத மூலப்பிரதி கிடையாது. அறுந்த நுனிகளை எப்படியோ பிடித்து ஒட்டுகிறது கலம். ஒட்டும்போது சில எழுத்துப் போகும். சில வேளை வேறொரு நிறமூர்த்தத்தின் (டீ.என்.ஏ. சுருண்டிருக்கிற கட்டு, குரோமோசோம்) நுனியோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

நீங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறுமுன் ஒரு கந்தோரில் உன் அப்பாவின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டார்களே, ஞாபகமா? மண்டபம் முகாமுக்கும் அது வந்தது, கோத்தகிரிக்கும் வந்தது. உன் பேரனின் பள்ளிக்கூடப் பதிவிலும் அதே பிழைதானாம், போன வருடம் நீயே எழுதியிருந்தாய். கலத்தில் நடப்பதும் அதுதான். பிழையோடு ஒட்டிய கலம் சாகாமல் இரண்டாகப் பிரிந்தால் இரண்டிலும் பிழை. அந்தப் பிழை, கலம் பெருகுவதைக் கட்டுப்படுத்துகிற பரம்பரையலகில் (ஜீன்) விழுந்து, அதோடு இன்னும் சில பிழையும் சேர்ந்தால், சில வருடமோ பல வருடமோ கழித்துப் புற்றுநோய் வரலாம். “வருத்தத்தை உண்டாக்குகிறதையே மருந்தாக வைக்கிறார்களா” என்று நீ கேட்டதற்கு, ஆம், அதையேதான். வெட்டு ஒன்றுதான்.

ஆனால் வெட்டுப்பட்டவர்கள் ஒரே மாதிரி இல்லை. நல்ல கலம் வெட்டு விழுந்ததும் வேலையை நிறுத்திவிட்டுப் பழுது பார்க்கும். முடியாவிட்டால் தானே அழிந்துபோகும். கலம் டீ.என்.ஏ.யைப் பழுதுபார்க்கும் வழிகள் சிலவற்றைக் காட்டியதற்காகத்தான் லிண்டால், மொட்றிச், சன்ஜார் மூவருக்கும் 2015இல் இரசாயனவியல் நொபெல் பரிசு கிடைத்தது. புற்றுக் கலத்துக்கோ பிரிகிற அவசரம், பழுது பார்க்கும் புத்தியும் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்கும். அறுந்த நிறமூர்த்தத்தோடேயே பிரியப் பார்த்து, அந்த நேரத்தில் சாகும். அதனால்தான் 70 கிரேயை ஒரேயடியாக இறக்காமல் நாளுக்கு 2 வீதம் வைக்கிறார்கள். இடையில் கிடைக்கிற ராத்திரிகளும் சனி ஞாயிறும் நல்ல கலத்துக்கு. நான் அது ஆஸ்பத்திரிக்காரர்களின் லீவு என்று மட்டும் நினைத்திருந்தேன். விஞ்ஞானம் படிப்பித்தவன் பேச்சைப் பார்!

வாய்த்தோலும் சீக்கிரம் சீக்கிரம் பிரிகிற கலம்தான், அதுவும் சேர்ந்து அடி வாங்கியது. மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண். ரொட்டியும் சம்பலும் கனவாகிவிட்டது. கஞ்சியை ஆறவைத்துக் கரண்டி கரண்டியாக ஊற்றினேன். எச்சில் சுரப்பியும் வற்றிவிட்டது. கையில் எப்போதும் தண்ணீர்ப் போத்தல், ராத்திரியிலும்.

“கதிர் உடம்பில் தங்காதா?” என்றும் கேட்டிருந்தாய். தங்காது. மெஷினை நிறுத்தியதும் கதிரும் முடிந்தது, லைட்டை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் தங்குகிறதா? லயத்தில் ஒருவர் அக்கா குடித்த கோப்பையைத் தனியாக எடுத்து வைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அதே கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி அவர் முன்னாலேயே குடித்தேன்.

கதிரால் பேரப்பிள்ளைகளுக்கு ஏதும் வருமா என்று கேட்டாய். அந்தப் பயம் ஆதாரம் இல்லாத பயம் இல்லை. எக்ஸ் கதிர் பட்ட பழ ஈக்களின் குஞ்சுகளில் பிழை வருவதை 1927இல் ஹேர்மன் முல்லர் காட்டினார். ஆனால் அது விந்திலோ முட்டையிலோ விழுகிற வெட்டு. அக்காவுக்குக் கதிர் பட்டது வாயிலும் கழுத்திலும், அதுவும் 66 வயதில். பேரன்கள் ஏற்கெனவே கொழும்பில் கடையில் நிற்கிறார்கள். ஹிரோசிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளையும் பல்லாயிரக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். பரம்பரைக் கோளாறு கூடியதாக இதுவரை தெரியவில்லை. தப்பியவர்கள் மத்தியில் இரத்தப் புற்றுநோய் கூடியது உண்மை, சில வருடங்களிலேயே.

வருத்தம் எதனால் என்று நீ கேட்கவில்லை, உனக்கே தெரியும். 14 வயதில் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்த நாளிலிருந்து வெற்றிலையும் புகையிலையும். மழையில், பசியில், அட்டைக் கடியில் அதுதான் அவளுக்குத் துணை. திட்ட எனக்கு வாய் வரவில்லை. வெற்றிலைத் தட்டைக் கழுவித் துடைத்து சாமிப்படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். தூக்கிப் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

கரண்ட் நின்றாலும் கட்டி இன்னும் கரையுமாம். வெட்டுப்பட்ட கலம் பிரியப் போகும்போதுதானே சாகும், அதற்கு வாரக்கணக்காகும். ஸ்கேன் ஒக்டோபரில். முடிவு வந்ததும் எழுதுகிறேன். ஜனவரியில் வருகிறேன் என்றாயே, வரும்போது நீலகிரித் தைலம் இரண்டு போத்தல் கொண்டுவா. அக்காவுக்கு இல்லை, என் முழங்காலுக்கு.

உன்
சண்முகம்