மாங்கிளையில் முளைத்திருப்பவை

அன்புள்ள சண்முகத்துக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதமும் அதனுடன் வைத்திருந்த புகைப்படங்களும் கிடைத்தன. பேத்திக்குப் பெயர் சூட்டிய செய்தி வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி அளித்தது. அதைப் பற்றிச் சாந்தி தனியே எழுதுவாள். நீ முக்கியமாகக் கேட்டிருந்தது மாமரத்தைப் பற்றி என்பதால் நேராக அதற்கே வருகிறேன்.

கிளைகளில் ஏதேதோ முளைத்திருப்பதால் மரத்துக்கே நோய் கண்டுவிட்டது, அடியோடு வெட்டிவிடுவதே நல்லது என்று அக்கம்பக்கத்தார் சொன்னதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து வெட்டிவிடாதே. படங்களில் தெரிபவை மூன்று வெவ்வேறு உயிர்கள். அவற்றுள் ஒன்றுதான் மரத்துக்குப் பகை.

மேற்குப் பக்கக் கிளையில் புதர்போல அடர்ந்து தொங்குவது புல்லுருவி. உன் யாழ்ப்பாணத்துச் சம்பந்தி பார்த்தால் குருவிச்சை என்பார். மாவிலையைக் கசக்கினால் மாங்காய் வாசனை வரும். இதன் இலையோ தடித்து, விறைப்பாக, மங்கிய பச்சையாக இருக்கும். மடித்தால் சட்டென முறியும். பூக்கும் காலமானால் சந்தேகமே வராது, ஏனெனில் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த குழல் பூக்கள் கொத்துக் கொத்தாக நிற்க, தேன்சிட்டுகள் அங்கேயே குடியிருக்கும். கிளையோடு அது சேரும் இடத்தில் படத்திலேயே ஒரு முண்டு தெரிகிறது. புல்லுருவியின் உறிஞ்சு வேர் மரப்பட்டையைத் துளைத்து உள்ளே இறங்கி, மரத்தின் நீர்க்குழாய்களோடு தன்னை இணைத்துக்கொள்வதால் ஏற்படும் வீக்கம் அது. இலை பச்சையாக இருப்பதால் உணவை ஓரளவு தானே சமைத்துக்கொள்ளும். ஆனால் நீரையும் உப்புச் சத்துகளையும் மாமரம்தான் தர வேண்டும். முண்டுக்கு அப்பால் உள்ள கிளைநுனி மெலிந்து, காய்ப்புக் குறைந்து, கடைசியில் பட்டுப்போவது இதனால்தான். அந்தப் பக்கம் இந்த ஆண்டு காய்க்கவே இல்லை என்று நீ எழுதியிருப்பதும் இதற்குப் பொருந்துகிறது.

இது எப்படி அங்கே வந்தது என்று கேட்டிருந்தாய். எட்டு சென்டிமீட்டர் நீளமே உள்ள பூங்கொத்திக் குருவிதான் இதைக் கொண்டுவந்து நடுகிறது. கனியை விழுங்கும் குருவியின் எச்சத்தில் விதை பசையோடு வெளிவரும்; எளிதில் விழாத அந்தப் பசையைப் போக்கக் குருவி தன் பின்புறத்தைக் கிளையில் தேய்க்கும்போது விதை பட்டையில் ஒட்டிக்கொள்கிறது. மண்ணே தேவையில்லை, ஒட்டிய இடத்திலேயே முளைத்துவிடும். மா, கொய்யா, சப்போட்டா, வேம்பு என்று 300க்கும் மேற்பட்ட மரவகைகளில் இது வளர்வதால், உன் கொல்லைக் கொய்யாவையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிடு.

இரண்டாவது படத்தில் கவட்டையில் இருப்பதைத் தொட வேண்டாம். வார்போன்ற இலைகளும், அந்தரத்தில் தொங்கும் பருத்த வெண்ணிற வேர்களும் அது ஆர்க்கிட் என்று காட்டுகின்றன. அதன் வேர்கள் பட்டையின் மேல் படர்கின்றனவே தவிர உள்ளே நுழைவதில்லை. மழையிலும் காற்றின் ஈரத்திலும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. அடிமரத்தில் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக இருப்பது வெறும் மரப்பாசி. அதைச் சுரண்டி எடுப்பது வீண்வேலை, பட்டைக்குத்தான் காயம்.

புல்லுருவிக்கு மண்ணெண்ணெய் ஊற்றலாம், களைக்கொல்லி தெளிக்கலாம் என்றெல்லாம் யோசனை சொல்வார்கள். மரமும் புல்லுருவியும் ஒரே நீரோட்டத்தில் இணைந்திருக்கும்போது ஒன்றுக்கு வைத்த நஞ்சு மற்றொன்றைத் தொடாது என்பதற்கு என்ன உறுதி? தழையை மட்டும் ஒடித்துப் போடுவதிலும் பயனில்லை; கிளையின் மேலேயே கொடிபோல ஓடி, ஆங்காங்கே புது உறிஞ்சு வேர் விடும் இயல்பு இதற்கு உண்டு என்பதால், ஒடித்த இடத்திலிருந்தும் ஓடிய இடத்திலிருந்தும் மறுபடி துளிர்க்கும். ஆகவே முண்டிலிருந்து மரத்தின் பக்கமாக ஒரு முழமாவது தள்ளிக் கிளையையே அறுத்துவிடு. காய் பறித்து முடிந்த இந்த ஆடியிலேயே செய்தால் தை மாதப் பூவுக்குள் மரம் தேறிவிடும். புல்லுருவியில் காய்கள் இருந்தால் அவை பழுக்கும்வரை காத்திராதே.

அறுத்த வாயில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போர்டோ பசை பூச வேண்டும். நூறு கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், நூறு கிராம் சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்துப் பிறகு கலந்துகொள். மண்சட்டியோ பிளாஸ்டிக் வாளியோ போதும், இரும்புப் பாத்திரம் மட்டும் கூடாது. கலந்த அன்றே பூசிவிடு. கிளை உயரத்தில் இருப்பதால் நீ ஏற வேண்டாம். உன் முழங்காலை எனக்குத் தெரியும். தேங்காய் பறிக்க வருபவரிடம் சொல்.

காட்டு மரமாக இருந்தால் புல்லுருவியை விட்டுவிடச் சொல்லியிருப்பேன், எத்தனையோ பறவைகளுக்கு அது சோறு போடுகிறது. வீட்டில் இருக்கும் ஒற்றை மல்கோவாவுக்கு அந்தத் தாராளம் கட்டாது. அறுப்பதற்கு முன் முண்டின் இரு பக்கத்தையும் அருகிலிருந்து படமெடுத்து அனுப்பு. கொடி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்த்து, எந்த இடத்தில் அறுக்கலாம் என எழுதுகிறேன்.

அன்புடன்,
இராமநாதன்