மேல்மலைக் குதிரைப் பாதையில் பைக் ஓட்டுவதை நிறுத்தக் கோரி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள் மற்றும் குதிரைக்காரர்கள்,
மேல்மலை, கொடைக்கானல் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு கோட்டாட்சியர் அவர்கள்.

பொருள்: தோட்டங்களுக்குப் போகும் குதிரைப் பாதையில் நம்பர் பிளேட் இல்லாத பைக்குகள் ஓட்டப்படுவதைத் தடுக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் முன்பு கொடுத்த மனுக்கள். எதற்கும் பதில் இல்லை.

ஐயா, வணக்கம்.

தாங்கள் மன்னவனூர், கூக்கால் பக்கம் வரும்போதெல்லாம் எங்கள் ஊர் விலக்கைத் தாண்டித்தான் போகிறீர்கள். தார் எங்கே முடிகிறது, எந்தத் தைல மரத்தடியில் குதிரைகள் கட்டியிருக்கும் என்பதெல்லாம் தங்களுக்கே தெரியும். அதே மரத்தடியில் சனி, ஞாயிறு விடிவதற்கு முன்னால் பிக்கப் வண்டிகள் வந்து நிற்கின்றன. தார்ப்பாயை எடுத்துப் பைக்குகளை இறக்குகிறார்கள், அங்கேயே பெட்ரோல் ஊற்றி எங்கள் பாதையில் ஏறிவிடுகிறார்கள். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வருகிற வண்டிக்கெல்லாம் இ-பாஸ் கேட்கிறார்கள், சரி. வண்டி மேல் ஏறி வருகிற வண்டிக்கு எந்தப் பாஸ், ஐயா?

1. இந்தப் பாதை புல வரைபடத்திலேயே பாதைப் புறம்போக்கு என்று இருக்கிறது. ஊர் எல்லையைத் தாண்டினால் காப்புக்காடு, 2013-இல் சரணாலயமாக அறிவித்த பகுதி. இங்கே நடப்பதை வருவாய்த்துறையில் சொன்னால் அது காட்டுக்குப் போகிற பாதை, வனத்துறையில் கேள் என்கிறார்கள். அங்கே போனால் வண்டி சம்பந்தப்பட்டது, போலீசில் சொல் என்கிறார்கள். அவர்கள் எழுதி வாங்கிக்கொண்டு, நம்பர் இல்லாத வண்டியை எப்படித் தேடுவது என்று எங்களையே கேட்கிறார்கள். நம்பர் இல்லை என்பதுதானே முதல் குற்றம்!

2. எல்லாவற்றையும் விட எங்களை வதைப்பது குதிரை விஷயம். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் பாராட்டினார்கள். எங்கள் பக்கத்துப் பூண்டு, தோட்டத்திலிருந்து தார் ரோடு வரைக்கும் குதிரை முதுகில்தான் வருகிறது, அதற்கப்புறம்தான் வடுகபட்டி சந்தைக்கு லாரி ஏறும். பூண்டு மட்டுமா, உருளைக்கிழங்கு, கேரட், மேலே போகிற உரமூட்டை, ரேஷன் அரிசி எல்லாமே அந்தப் பொதியில்தான். குதிரை நடக்கிற பாதை ஒரு கை நீட்டும் அகலத்துக்கு மேல் இல்லை என்றாலும் அது மேடு பள்ளம் பார்த்து, தண்ணீர் ஓடி வடிய வழி விட்டு, பெரியவர்கள் காலத்திலேயே அமைந்த பாதை. பைக் டயர் கட்டை கட்டையாகப் பல் வைத்தது. ஏற்றத்தில் பின்சக்கரம் வழுக்கிச் சுற்றும்போது புல்லை வேரோடு பிய்த்துப் பின்னால் எறிகிறது. மண் திறந்துவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை அந்தத் தடத்துக்குள்தான் ஓடும். ஒரே மழையில் தடம் வாய்க்கால் ஆகிவிடுகிறது. முழங்கால் ஆழம், அடியில் குறுகல். இரண்டு பக்கமும் மூட்டை தொங்கும் குதிரை அதில் முன்காலை வைத்தால் காலைத் திருப்பி எடுக்க இடம் கிடையாது. ஓரமாக நடத்தலாம் என்றால் ஓரம் அடுத்தவர் தோட்டத்துக் கல்கட்டின் மேல் இருக்கிறது, அதுவும் மழையில் சரிந்து அவர் விதைத்த பாத்தியை மூடிவிடுகிறது, அப்புறம் அவருக்கும் எங்களுக்கும் சண்டை.

போன பூண்டு வெட்டின்போது ஊர்ப் பெரியவர் ஒருவரின் குதிரை இறங்கி வந்துகொண்டிருந்தது. வளைவில் எதிரே மூன்று பைக், சைலன்சரைக் கழற்றிவிட்ட சத்தம். குதிரை மிரண்டு பக்கவாட்டில் தாவியது. மூட்டையோடு கல்கட்டுக்குக் கீழே விழுந்தது. கால் ஒடிந்த குதிரையை என்ன செய்வார்கள் என்று தங்களுக்குத் தெரியும், எழுத மனம் வரவில்லை. பைக் ஓட்டியவர்கள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒருவர் மட்டும் நின்று திரும்பிப் பார்த்தார், மற்ற இருவரும் கையைக் காட்டிக் கூப்பிட்டதும் அவரும் போய்விட்டார். அந்தப் பெரியவர் இப்போது மற்றவர் மூட்டையைத் தலைச்சுமையாகத் தூக்குகிறார், அந்த வயதில். மற்றவர்களின் குதிரைகளும் இப்போது தூரத்தில் சத்தம் கேட்டாலே நின்றுவிடுகின்றன, இழுத்தாலும் வருவதில்லை. உடம்பு முடியாதவர்களை டோலி கட்டித் தூக்கி வருவதும் இதே பாதைதான். வழுக்கினால் தூக்குகிற நான்கு பேரும் சேர்ந்தே விழுவார்கள்.

3. சட்டம் இல்லை என்று யாராவது சொன்னால் பரவாயில்லை. இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 27-ஆம் பிரிவுப்படி சரணாலயத்துக்குள் போகலாம் என்பது பணியில் உள்ள அரசு ஊழியர், அனுமதி வாங்கியவர், உள்ளே நிலம் உள்ளவர், அவர்களை நம்பி இருப்பவர்கள், பொது நெடுஞ்சாலை வழியாகக் கடந்து போகிறவர், இவ்வளவு பேர்தான். எங்கள் குதிரைப் பாதை எந்தக் கணக்கிலும் நெடுஞ்சாலை ஆகாது. பதிவு செய்யாத வண்டியைப் பிடித்து வைக்க 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 207-ஆம் பிரிவு இருக்கிறது. வருகிறவர்களில் மீசை முளைக்காத பையன்களும் இருக்கிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குப் பெற்றோரையே 25,000 ரூபாய் அபராதத்தோடு ஜெயிலுக்கும் அனுப்பலாம். இதையெல்லாம் பூண்டு விதைக்கிற நாங்கள் தங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.

4. இதே பாதையை ஜீப் போகிற அளவுக்காவது அகலப்படுத்திக் கொடுங்கள் என்று நாங்கள் கேட்டபோது 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டினார்கள். காடு இருந்தால்தான் தண்ணீர், ஏற்றுக்கொண்டோம். விறகு பொறுக்கப் போகிற பெண்களைச் சோதனைச் சாவடியில் நிறுத்திக் கூடையைக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள், அதையும் பொறுத்துக்கொண்டோம். சோலைக்கு மேலே புல்வெளியில் வட்டம் வட்டமாக டயர் தடம் இருக்கிறதே, அது எந்தக் கூடையில் வந்தது? 2018-இல் பூத்த குறிஞ்சி மறுபடி 2030-இல் பூக்க வேண்டும், அதற்கான செடி இப்போது அந்தப் புல்லுக்குள்தான் நிற்கிறது. எங்களுக்கு ஒரு சட்டம், பிக்கப்பில் வருகிறவர்களுக்கு ஒரு சட்டமா?

5. இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. வழி காட்டுவது எங்கள் பக்கத்துப் பையன்கள்தான், காசுக்காக. அவர்களையும் சேர்த்தே பிடியுங்கள், ஊர் தடுக்காது. பைக் ஓட்டுவதே தப்பு என்றும் நாங்கள் சொல்லவில்லை. தார் ரோட்டில் நம்பரோடு ஓட்டட்டும், உரிமையாளர் சம்மதித்தால் பணம் கட்டித் தனியார் தோட்டத்துக்குள் ஓட்டட்டும். குதிரைப் பாதையில் வேண்டாம்.

6. பாதை வாசலில் கல் நட்டுவிடலாம் என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். மூட்டையோடு குதிரை நுழைகிற இடத்தில் பைக்கும் நுழையும். கல் போதாது, ஆள் வேண்டும். வருவாய்த்துறை, வனத்துறை, போலீஸ், வட்டாரப் போக்குவரத்து ஆபீஸ் நான்கு பேரும் ஒரே நாளில் சேர்ந்து வந்து பாதையைத் தணிக்கை செய்ய வேண்டும், தனித்தனியாக வந்தால் பழைய கதைதான். சனி, ஞாயிறு விடியற்காலையில் தைல மரத்தடியில் ஆள் நிறுத்தி, இறக்குகிற இடத்திலேயே வண்டியைப் பிடிக்க வேண்டும். மலை மேல் துரத்திப் பிடிக்க முடியாது, யாராவது விழுந்து சாவார்கள். அடுத்த மழைக்கு முன்னால் வாய்க்காலான இடங்களைக் கல் அடுக்கிச் சரிசெய்ய வேண்டும், கூலி கொடுத்தால் வேலையை நாங்களே செய்கிறோம். குதிரையை இழந்தவருக்கு ஏதாவது நிவாரணம்.

'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று மறுபடியும் செல்லுக்கு ஒரு மெசேஜ் வேண்டாம், ஐயா. யாரிடம் அனுப்பப்பட்டது, அவர் எப்போது வருவார் என்பதை எழுதுங்கள். முடிந்தால் தாங்களே வாருங்கள். காலை ஐந்து மணிக்கு வந்தால் கண்ணால் பார்க்கலாம். ஆபீஸ் ஜீப்பில் வேண்டாம், அதைக் கண்டால் அப்படியே திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். குதிரைப் பாதையில் பைக்கை நிறுத்திக் கொடுங்கள் என்று மிகவும் பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள், குதிரைக்காரர்கள்
(கையொப்பங்களும் கைரேகைகளும் பின்பக்கம்)