மனநல வார்டுக்குத் தேவை இன்னொரு நர்ஸ்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநல வார்டில் நர்ஸ் ஒருவர் அடிபட்டதைப் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் எழுதியிருந்தீர்கள். வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தால் இது நடந்திருக்காது என்று அதை முடித்திருந்தீர்கள். பல வருஷமாக உங்கள் பத்திரிகையைப் படிக்கிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி என்னை ரொம்பவே நோகடித்துவிட்டது.

2023 மே மாதம் கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் ஒரு இளம் பெண் டாக்டரை ஒருவன் குத்திக் கொன்றானே, அவனை அங்கே அழைத்து வந்ததே போலீஸ்தான். அது மனநல வார்டு இல்லைதான். ஆனால் பக்கத்தில் போலீஸ் இருந்தும் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற முடியவில்லை என்பது உங்களுக்குத் தெரியாததா?

நான் கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரி. மனநல வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு இரவு ஒரு நோயாளி என் முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினார். தமிழ் மட்டும் தெரிந்தவர். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், ஒரு போன் மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்று சாயங்காலத்திலிருந்தே கம்பிக் கதவுப் பக்கம் வந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். ஒவ்வொரு தடவையும் மலையாளத்தில் ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் டியூட்டிக்கு வந்தபோது டம்ளரால் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். வார்டு முழுவதற்கும் நானும் ஒரு அட்டெண்டரும்தான். எல்லோருக்கும் மாத்திரை கொடுப்பேனா, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேனா?

காலையில் மேலதிகாரி வந்ததும், 'நீங்க அவர்கிட்ட என்ன பேசினீங்க?' என்றுதான் கேட்டார். வலிக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இந்த மாதிரி அடி சொல்லாமல் கொள்ளாமல் விழுவது குறைவு. குழப்பம், எரிச்சல், கூச்சல், வாய் மிரட்டல், கை ஓங்குவது, பொருளைப் போட்டு உடைப்பது என்ற ஆறையும் ஒவ்வொரு ஷிப்டிலும் பார்த்துக் குறிக்கும் பட்டியல் ஒன்று நார்வேயில் உருவானது. பெயர் ப்ரோசெட். இங்கிலாந்தில் 31 வார்டுகளில் 'சேஃப்வார்ட்ஸ்' என்ற முறையைச் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். தணிவாகப் பேசுவது, வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்தவரை முதலிலேயே போய்ப் பார்ப்பது போன்ற பத்து விஷயங்கள்தான் அதில் இருந்தன. மோதல் 15 சதவீதம் குறைந்தது. கட்டிப்போடுவது, அடைத்துவைப்பது போன்றவை 26 சதவீதம் குறைந்தன. இதற்கெல்லாம் லத்தி வேண்டாம், ஆள் வேண்டும்.

2001-ல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து நோயாளிகள் கட்டிய சங்கிலியோடு வெந்து செத்தார்களே, அதற்கு அப்புறமும் நமக்கு முதலில் தோன்றுவது கட்டும் காவலும்தான். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி நோயாளியைக் கட்டக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. சரி, நல்ல சட்டம். அந்தப் பற்றாக்குறையைத் தீர்க்க வேண்டியவர்களை உங்கள் கட்டுரை ஒரு கேள்வியாவது கேட்டதா? சிரிப்புப் பக்கத்தில் 'மெண்டல்' ஜோக் போடாதீர்கள் என்று முன்பு எழுதினேன். அதற்கும் பதில் இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். எல்லையோர மருத்துவமனைகளின் மனநல வார்டில் இரவு டியூட்டிக்கு, தமிழ் தெரிந்த இன்னொரு நர்ஸ் வேண்டும். வீட்டுக்குப் போன் பேசும் நேரத்தை வார்டுச் சுவரில் தமிழிலும் எழுதி வைக்க வேண்டும். தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுத்திருக்கும்போது, ஒரு போர்டு எழுதுவது பெரிய காரியமில்லை. கடிதம் நீளம் என்று சுருக்கினாலும், தயவுசெய்து இந்தப் பத்தியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நர்ஸ்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்