சக மாணவியை இழந்த பிள்ளைகளுக்குத் துணைநிற்கக் கோரும் மனு

பெறுநர்: இயக்குநர், பினாங்கு மாநிலக் கல்வி இலாகா
அனுப்புநர்: நான்காம் படிவ மாணவி ஒருத்தியின் தாய், பட்டர்வொர்த்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகளின் வகுப்புத் தோழி மூன்று மாதங்களுக்கு முன் உயிரை மாய்த்துக்கொண்டாள். பள்ளி வாய் திறப்பதற்கு முன்பே வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிட்டது. மறுநாள் சபைகூடலில், "யாரும் எதையும் பதிவிடக் கூடாது, போட்டவர்கள் அழித்துவிடுங்கள்" என்றார்கள். அவ்வளவுதான்.

பள்ளியின் பயம் புரிகிறது. இறந்த விதத்தை விவரிப்பதும் சாவைப் பெருமைப்படுத்துவதும் நொந்துபோன இன்னொருவரையும் அதே வழிக்கு இழுக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் ஊடகங்களை எச்சரித்திருக்கிறது. ஆனால் அழிக்கச் சொன்னால் துக்கம் அழிந்துவிடுமா?

நம்மிடம் ஒரு சாவு என்றால் துக்க வீடு உண்டு, பதினாறாம் நாள் காரியம் உண்டு. தற்கொலை என்றால் அதுவும் அவசர அவசரமாக முடிந்துவிடும், பிள்ளைகளை யாரும் அழைத்துப் போவதில்லை. (பரீட்சையைச் சொல்லி நானும்தான் தடுத்தேன்.) கடைசியில் இன்ஸ்டாகிராம்தான் அவர்களுக்குத் துக்க வீடானது. பழைய படங்களைப் போட்டு அழுதார்கள், ஒருவரையொருவர் தேற்றினார்கள். என் மகள் இன்னமும் தோழியின் எண்ணுக்குச் செய்தி அனுப்புகிறாள். ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதே இடத்தில்தான் வதந்தியும் பரவியது. "கடைசியாகப் பேசியது நீதானே?" என்று யாரோ கேட்டதிலிருந்து அவள் சரியாகத் தூங்குவதில்லை. அந்தத் துக்க வீட்டில் பெரியவர் ஒருவர்கூட இல்லை ஐயா.

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவே 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. பள்ளிகள் மட்டும் ஏன் இன்னும் மூடி மறைக்க வேண்டும்?

இப்படி ஒரு மரணம் நேர்ந்தால், குடும்பத்தின் சம்மதத்தோடு, வதந்தி முந்துவதற்குள் வகுப்பாசிரியரே பிள்ளைகளிடம் பக்குவமாகச் சொல்லட்டும். எப்படி, எங்கே என்ற விவரங்களையும் கடைசிச் செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்டையும் ஏன் பகிரக் கூடாது என்று காரணத்தோடு விளக்கட்டும்; நினைவுகளைப் பகிர்வதைத் தடுக்க வேண்டாம். நெருங்கிய தோழர்களோடு ஆலோசக ஆசிரியர் தனித்தனியாக உட்கார்ந்து பேச வேண்டும், ஒரு தடவையோடு நிறுத்திவிடாமல். தமிழில்தான் மனம் திறக்க முடிகிற பிள்ளைக்குத் தமிழ் பேசும் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். சுகாதார அமைச்சின் 15555, மனம் நொந்தவர்களுக்குச் செவிசாய்க்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 ஆகிய உதவி எண்கள் வகுப்புக் குழுவிலேயே இருக்கட்டும்.

அடுத்த மாதம் அந்தப் பிள்ளையின் பிறந்தநாள். போன வருடம் கேக் வெட்டிய படங்களைக் கைப்பேசி தானாகவே எடுத்துக் காட்டும். அதற்கு முன்பாகவாவது எங்கள் பள்ளிக்கு ஓர் ஆலோசகரை அனுப்பிவையுங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஒரு தாய்