ஒரே பானம், பல பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமேசான் காட்டு மூலிகைப் பானம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, 'அயவாஸ்கா' என்பதையே அதன் ஒரே பெயராகக் குறிப்பிட்டிருந்தது. அது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதிப் பழங்குடி மொழியான கெச்சுவாவின் சொல். 'அயா' என்றால் ஆவி அல்லது இறந்தவர், 'வாஸ்கா' என்றால் கயிறு அல்லது கொடி. எக்குவடோரின் ஷுவார் மக்கள் இதை 'நாத்தெம்' என்கின்றனர். கொலம்பியாவில் 'யாஹே' என்பதே பெருவழக்கு. பெரு நாட்டின் அஷானிங்கா மக்கள் வழங்கும் 'கமராம்பி' என்ற பெயரோ வாந்தியைக் குறிக்கும் வினையடியிலிருந்து பிறந்தது என்பதால், குடித்தவர் உடலில் நிகழ்வதை (மரபில் அது தூய்மைப்படுத்தலாகவே கருதப்படுகிறது) ஒளிக்காமல் சொல்வது அதுவே என எனக்குத் தோன்றுகிறது. பெரு அரசு 2008-இல் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்ததும் இப்பானம் பற்றிய அமேசான் பழங்குடிச் சமூகங்களின் மரபறிவையும் பயன்பாட்டையுமே ஆகும். ஆகவே, எந்த மக்களைப் பற்றி எழுதுகிறோமோ அவர்களின் சொல்லையும் சேர்த்து அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்