33,280 நாள்

அன்புள்ள கயல்,

ஜெர்மனியின் டிரெஸ்டன் நூலகத்துக்குப் போகப் போகிறாய் என்றதும் மனம் நிறைந்துவிட்டது. அங்குள்ள, மத்திய அமெரிக்காவின் பழைய மாயர் மக்கள் எழுதிய சுவடியில் எல்லாவற்றையும் பார்க்க நேரமிருக்காது. 24-ஆம் பக்கத்தைத் தேடு. அதற்கடுத்துப் படிக்க வேண்டியது 46 முதல் 50 வரை. எண் தாவுகிறதே என்று குழம்பாதே, அந்தப் பக்க எண்கள் ஐரோப்பாவில் பின்னாளில் இட்டவை.

அந்த ஆறு பக்கமும் வெள்ளிக் கோளின் கணக்கு. விடிவெள்ளியாக 236 நாள், மறைவு 90, மாலையில் 250, மறுபடி மறைவு 8, கூட்டினால் ஒரு சுற்றுக்கு 584. வானில் விடிவெள்ளி ஏறக்குறைய 263 நாள் தெரியும், நீண்ட மறைவு 50 நாள்தான். ஆகவே உட்பிரிவுகளை அப்படியே நம்பாதே. கடைசி எட்டும் மொத்தக் கூட்டலும்தான் வானோடு ஒத்துப்போகின்றன.

எட்டு நாள் மறைந்த வெள்ளி விடியலுக்குச் சற்றுமுன் கிழக்கே முதன்முதல் எட்டிப்பார்ப்பதுதான் தொடக்க நாள். அடிவானத்தில் மேகமோ மூட்டமோ இருந்தால் அந்த உதயம் ஓரிரு நாள் பிந்தித்தான் கண்ணில் படும். ஓர் உதயத்தை வைத்துச் சராசரி சொல்ல முடியாது. தலைமுறைகளாகக் குறித்து வைத்திருக்க வேண்டும்.

ஒரு சுற்றின் உண்மைச் சராசரி 583.92 நாள். 65 சுற்றில், அதாவது 37,960 நாளில், பட்டியல் ஐந்து நாளுக்குமேல் பிந்திவிடும். ஐந்தைக் கழித்தால் போதாதா என்பாய். போதாது. மாயர் நாட்காட்டியின் 260 நாள் சுழற்சியில் தொடக்கம் எப்போதும் '1 அகாவ்' என்ற பெயருள்ள நாளிலேயே விழ வேண்டும்.

இப்போது 24-ஆம் பக்கத்தில் ஓர் எண்ணை மேலிருந்து கீழே படி: முதலில் நான்கு புள்ளி; அடுத்து இரண்டு புள்ளியும் அதன்கீழ் இரண்டு கோடும்; அடுத்து மூன்று புள்ளியும் அதன்கீழ் ஒரு கோடும்; கடைசியில் சுழியம். கோடு ஐந்து, புள்ளி ஒன்று. ஒவ்வொன்றையும் அதன் இடமதிப்பால் பெருக்கு: 4×7200, 12×360, 8×20, 0. மொத்தம் 33,280. இது 57 சுற்றில் 8 நாள் குறைத்தது. 260-ஆல் மீதியின்றி வகுபடும், அதனால் தொடக்கம் மறுபடி '1 அகாவ்' நாளிலேயே விழும்! 61 சுற்றில் 4 குறைத்தாலும் 35,620, அதுவும் வகுபடும். பின்னதை நான்கு முறையும் முன்னதை ஒரு முறையும் சேர்த்தால் 301 சுற்றில் 24 நாள் குறையும் என்று விளக்கியவர் ஜான் டீப்பிள், தொழிலால் வேதிப் பொறியாளர். 481 ஆண்டில் பிழை அரை நாள்கூட இல்லை. பின்னமே எழுதாதவர்கள் செய்த திருத்தம் இது!

கிளம்புமுன் நூலகத்தின் இணையப் படிமத்தில் அந்த எண்ணைப் பெரிதாக்கி, கோட்டையும் புள்ளியையும் விரலால் எண்ணிப் பழகிக்கொள். கண்ணாடிக்கு வெளியே நின்று முதல்முறையாகத் தேடினால் சிவப்பும் கறுப்புமாகக் கண் சிதறிவிடும்.

அன்புடன்,
அப்பா