நம்மை யார் கேட்கப்போகிறார்கள் என்று கேட்ட மகளுக்கு

அன்பு மகளுக்கு,

போன வாரம் நீ போனை வைத்த பிறகு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. "பொது ராஜதந்திரப் பிரிவுல போட்டிருக்காங்கம்மா. உலகப்படத்துல நம்ம நாட்டுப் பேரு நாட்டுக்குள்ள அடங்காம கடல்லதான் எழுதியிருக்கும். நம்மளை யாரும்மா கேட்கப்போறாங்க?" என்றாய். வெளிநாட்டு மக்களிடம் நேராகப் பேசி நம் நாட்டின் மேல் நம்பிக்கை சேர்க்கும் பிரிவு அது. "எல்லாம் சரியாயிடும், சாப்பிட்டியா?" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது உன் கேள்விக்குப் பதில் இல்லை. அதே வெளியுறவு அமைச்சகத்தில் 31 வருடம் இருந்தவள், அதில் பாதிக்கு மேல் தூதரகங்களில் பத்திரிகைத் தொடர்பு அதிகாரியாகக் கழித்தவள், உனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லக் கடமைப்பட்டவள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பயிற்சி வகுப்பில் உனக்கு அமெரிக்க அரசியல் அறிஞர் ஜோசப் நையைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். மிரட்டாமல், பணம் கொடுக்காமல், ஈர்ப்பினால் அடுத்தவரை இசைய வைக்கும் திறனுக்கு 1990-ல் மென்சக்தி என்று பெயர் கொடுத்தவர். அவர் அமெரிக்காவை மனதில் வைத்து எழுதினார். வல்லரசுக்கு அது கையிலுள்ள பல கருவிகளில் ஒன்று. நமக்கு வேறு கருவியே கிடையாது. மிரட்டப் படை இல்லை, வாங்கப் பணம் இல்லை. இவர்கள் சொன்னால் நம்பலாம் என்று நாலு பேர் நினைப்பதுதான் நம் மொத்தச் சொத்து. அந்தச் சொத்தைச் சேர்ப்பதும் காப்பதும்தான் உன் வேலை. விளம்பரப்படம் எடுப்பது அதில் ஒரு மூலைதான்.

நான் மனம் சோர்ந்த நாட்களிலெல்லாம் நினைத்துக்கொண்டது மால்டாவை. 1964-ல் சுதந்திரம் பெற்ற தீவு. அப்போது மக்கள்தொகை மூன்று லட்சத்தை ஒட்டித்தான். 1967 நவம்பர் 1 அன்று அதன் ஐ.நா. தூதர் அர்விட் பார்டோ பொதுச்சபையின் முதல் குழுவில் பேச எழுந்தார். காலையில் தொடங்கிய பேச்சு மதியமும் நீண்டது. கடலடியில் என்னென்ன கனிமம் கிடக்கிறது, எந்த ஆழத்தில், அதை எடுக்கும் தொழில்நுட்பம் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பூகோளப் பாடம் மாதிரி எடுத்துச் சொன்னார். பிறகுதான் கேட்டார்: எந்த நாட்டின் எல்லைக்கும் அப்பால் கிடக்கும் கடலடி யாருக்குச் சொந்தம்? அது மனிதகுலத்தின் பொதுச் சொத்தாக இருக்கட்டும் என்றார். பதினைந்து வருடம் கழித்து, 1982-ல், ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கையில் அந்தக் கருத்து சட்டமாகவே ஏறியது. அந்த நெடிய பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்கியவர் முதலில் இலங்கையின் ஷெர்லி அமரசிங்க. 1980-ல் அவர் இறந்த பிறகு சிங்கப்பூரின் டாமி கோ. ஒரு சின்ன நாடு கேள்வி கேட்டது, இன்னும் இரண்டு சின்ன நாட்டுக்காரர்கள் அதைக் கரை சேர்த்தார்கள்.

பார்டோவிடமிருந்து நான் கற்றுக்கொண்டது இரண்டு. அறையில் இருந்த வேறு எவரையும்விட அந்த விஷயத்தை அதிகம் படித்துவிட்டு வந்திருந்தார். அடுத்தது, "எங்களுக்குக் கொடுங்கள்" என்று அவர் கேட்கவில்லை. "இது நம் எல்லோருடையதும்" என்றார். நம்மைப் போன்ற நாடு தன் குறையை மட்டும் சொன்னால் இரக்கப்படுவார்கள், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பலருக்கும் வலிக்கும் இடத்தைத் தொட்டுப் பேசினால் உட்கார்ந்து கேட்பார்கள்.

உன் தலைமுறை இதை இன்னும் நன்றாகவே செய்திருக்கிறது. 2019-ல் பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் ஒரு பல்கலைக்கழக வகுப்பறையில் 27 சட்ட மாணவர்கள் உட்கார்ந்து, பருவநிலை மாற்றம் குறித்து நாடுகளுக்கு என்ன கடமை என்று சர்வதேச நீதிமன்றத்தையே கேட்டால் என்ன என்று யோசித்தார்கள். வனுவாட்டு அரசு அந்தப் பிள்ளைகளின் யோசனையைத் தன் வெளியுறவுக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. வீடு வீடாகப் போவதுபோல நாடு நாடாகப் போனார்கள். 2023 மார்ச் 29 அன்று தீர்மானம் பொதுச்சபைக்கு வந்தபோது 132 நாடுகள் சேர்ந்து முன்மொழிந்திருந்தன, வாக்கெடுப்பே தேவைப்படவில்லை. 2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்துரை சொன்னார்கள்: நாடுகளுக்குச் சட்டப்படியே கடமை உண்டு என்று. அந்த நாட்டு மக்கள்தொகையும் மூன்று லட்சத்தை ஒட்டியதுதான். "நம்மளை யாரும்மா கேட்கப்போறாங்க" என்று அந்த மாணவர்களும் ஒருநாள் கேட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கடல்மட்டம் உயர்ந்து மூழ்கும் அபாயத்தில் இருக்கும் பசிபிக் தீவு நாடு துவாலு. அதன் அமைச்சர் சைமன் கோஃபே கோட்டு சூட்டோடு கடல் நீரில் நின்று 2021 பருவநிலை மாநாட்டுக்குப் பேசிய வீடியோவை நீயே எனக்கு அனுப்பினாய். முதலில் சாதாரணப் பேச்சு மேடை போலத்தான் தெரியும். கேமரா பின்னால் நகர நகர, மடித்துவிட்ட கால்சட்டையும் முழங்கால் அளவுத் தண்ணீரும் தெரியும். எவ்வளவு செலவு ஆகியிருக்கும்? மேசை, மைக், கொடி. உலகம் முழுக்க அது போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், படத்தில் இருந்தது உண்மை. இதைப் பார்த்துவிட்டு உன் மேலதிகாரி யாராவது "நாமும் அதுமாதிரி ஒன்று செய்யலாமே" என்பார். நம்மிடம் அதற்கு ஈடான உண்மை என்ன இருக்கிறது என்று முதலில் கேள்.

எஸ்டோனியாவின் கதை இன்னொரு வகை. பத்து லட்சத்துச் சொச்சம் மக்கள். எல்லா அரசு வேலையும் கணினி வழியே நடக்கும் நாடு என்று உலகுக்குக் காட்டி, வெளிநாட்டவருக்கும் மின்வதிவிட (e-Residency) அட்டை தந்து, பெயர் வாங்கியவர்கள். 2017-ல் அவர்களுடைய அடையாள அட்டைகளின் சிப்பில் பாதுகாப்புக் குறை இருப்பதை வெளிநாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பாதிக்கப்பட்ட அட்டைகள் ஏழு லட்சத்துக்கும் மேல். அந்த நாட்டின் பெயரே அந்த அட்டையில்தான் நின்றது என்பதை யோசித்துப் பார். மூடி மறைக்க எவ்வளவு ஆசை வந்திருக்கும்! செப்டம்பர் தொடக்கத்தில் பிரதமரே பத்திரிகையாளர்களை அழைத்துக் குறையைச் சொன்னார். நவம்பரில் அட்டைகளின் சான்றிதழ்களை நிறுத்திவைத்துப் புதுப்பித்தார்கள். அவர்கள் மேல் இருந்த மதிப்பு அதற்குப் பிறகு கூடியதே தவிர குறையவில்லை. கெட்ட செய்தியை முதலில் நம் வாயால் சொல்வது எப்படி என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

இப்போது மறுபக்கம். பூட்டான் மொத்த தேசிய மகிழ்ச்சி என்ற கருத்தை உலகுக்குக் கொடுத்தது. அதன் முயற்சியால் மார்ச் 20 ஐ.நா.வின் உலக மகிழ்ச்சி நாளானது. அதே நாட்டிலிருந்து 1990-களில் நேபாளி மொழி பேசும் சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேற்றப்பட்டு, நேபாளத்தின் அகதி முகாம்களில் வருடக்கணக்கில் கிடந்தார்கள். மகிழ்ச்சி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அந்த அகதிகளைப் பற்றிக் கேட்க உலகில் ஆட்கள் உண்டு.

தமிழில் இந்தக் கடிதத்தை எழுதும்போது இன்னொன்றைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. 1951 செப்டம்பரில், இரண்டாம் உலகப்போரில் தோற்ற ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் செய்யக் கூடிய சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், இலங்கையின் சார்பில் ஜே.ஆர். ஜெயவர்த்தன பேசினார். ஜப்பானிடம் போர் இழப்பீடு கேட்கப்போவதில்லை என்றார். பகை பகையால் தணியாது, அன்பால்தான் தணியும் என்ற புத்தரின் வாக்கைச் சொன்னார். தோற்று நின்ற ஒரு தேசத்துக்கு அந்தச் சொல் எவ்வளவு பெரிது! ஜப்பான் இன்றும் அதை நன்றியோடு நினைக்கிறது. ஒரு சிறிய நாட்டின் ஒரே ஒரு பேச்சு அரை நூற்றாண்டுக்கு மேல் உயிரோடு இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 1983 ஜூலையில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் பற்றி எரிந்தபோது அந்த நாட்டின் ஜனாதிபதி அதே ஜெயவர்த்தன. உயிர் பிழைக்க ஓடியவர்கள் ஒவ்வொரு தலைநகரிலும் போய் இறங்கினார்கள். தங்கள் நாட்டைப் பற்றி அவர்கள் சொன்னதற்கு எதிராக எந்தத் தூதரகத்துச் சிற்றேடு நிற்கும்? அங்கே அன்று பத்திரிகைத் தொடர்பு நாற்காலியில் இருந்த அதிகாரிகளைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவர்கள் தலைநகருக்கு என்ன எழுதினார்கள்? உள்ளதை எழுதினார்களா?

இதனால்தான் சொல்கிறேன், உன் வேலையில் கடினமான பாதி வெளியே பேசுவதில் இல்லை. வெளியே கேட்டதை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இருக்கிறது. கத்தாருக்கு 2010-ல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை நடத்தும் வாய்ப்பு கிடைத்தது. அதே வெளிச்சம் கட்டுமானத் தொழிலாளர்களின் தங்குமிடங்கள் மேலும் விழுந்தது. 2020-ல் அவர்கள் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியதற்கு அந்த வெளிச்சமும் ஒரு காரணம். இவ்வளவு போதுமா என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் விளம்பரம் கூட்டி வந்த கூட்டம் கேள்வியையும் கூட்டி வரும். அந்தக் கேள்வியை முதலில் கேட்கும் காது உன்னுடையதாக இருக்கும்.

என் கையால் கெட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் இளம் அதிகாரியாக இருந்தபோது ஆறு வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களை நம் நாட்டுக்கு அழைத்து வந்தோம். ஐந்து நாள் நிகழ்ச்சி நிரல், நிமிடக் கணக்கில் போட்டது நான்தான். மூன்றாம் நாள், வேனில் போகும்போது அவர்களில் ஒருவர் சாலையோரம் ஒரு குடியிருப்பைக் கைகாட்டி, இறங்கிப் பத்து நிமிடம் பேசலாமா என்று கேட்டார். நிரலில் இல்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு வரி எழுதிவிட்டு மூடினார். அவர் ஊருக்குப் போய் எழுதிய கட்டுரையில் நாங்கள் காட்டிய எதுவுமே இல்லை. நிறுத்தாத வேன் மட்டும் இருந்தது. அந்தக் குடியிருப்பில் மறைக்க ஒன்றும் இல்லை, கண்ணு. மறைத்தது நான்.

அதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. நம் அரசு மூன்று மாதப் பயிற்சிக்கு அழைத்த ஒரு வெளிநாட்டு இளம் பொறியாளர், இங்கே வந்த இரண்டாம் வாரமே காய்ச்சலில் விழுந்தார். பயிற்சி மையத்துக் கணக்கர் ஒருவர் தினமும் மாலையில் போய், அவர் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றுகூட இல்லை. பதினெட்டு வருடம் கழித்து ஒரு வாக்கெடுப்புக்கு முன் ஆதரவு கேட்டு நான் ஒரு துணை அமைச்சரைப் பார்க்கப் போனேன். கோப்பைத் திறப்பதற்கு முன் அவர் கேட்டது அந்தக் கணக்கரின் நலம். அந்த நாடு அன்று நம் பக்கம் வாக்களித்தது. அந்தக் கணக்கரால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் அதில் லாபம் இருந்தது. ஆனால் எனக்கு ஒதுக்கிய பதினைந்து நிமிடம் ஒரு மணி நேரம் ஆனது. கியூபா 2014-ல் எபோலா நோய்க் காலத்தில் சியரா லியோனுக்கு 165 மருத்துவப் பணியாளர்களை அனுப்பியதும் இதே கணக்கில்தான் சேரும். அந்த மருத்துவர்களின் சம்பளத்தில் பெரும்பகுதியை அரசே எடுத்துக்கொள்கிறது என்ற குற்றச்சாட்டும் கூடவே பயணிக்கிறது.

அறிக்கை கேட்பார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விருப்பம் போட்டார்கள் என்று அட்டவணை நிரப்பச் சொல்வார்கள். நிரப்பிக் கொடு, அதில் சண்டை வேண்டாம். ஆனால் அந்தத் தாளின் கீழே உன் சொந்த வார்த்தையில் ஒரு பத்தி எழுது: இந்த மாதம் நம்மைப் பற்றி இங்கே யார் என்ன குறை சொன்னார்கள், அதில் எது நியாயம். முதல் ஆறு மாதம் யாரும் படிக்க மாட்டார்கள். என்னுடையதையும் படிக்கவில்லை. ஒருநாள் ஒரு நெருக்கடி வந்தது. "அந்தப் பழைய பத்தியெல்லாம் இருக்கா?" என்று நள்ளிரவில் போன் வந்தது. எல்லாவற்றையும் வைத்திருந்தேன்.

போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நம் தூதரகத்து விசா வரிசையில், அடையாள அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் நின்று பார். வெளியே நிழல் இருக்கிறதா, வயதானவர் உட்கார நாற்காலி இருக்கிறதா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முகம் பார்த்துப் பேசுகிறாரா, மறுத்தால் காரணம் சொல்கிறார்களா என்று கவனி. அந்த நகரத்தில் பெரும்பாலானவர்கள் நம் நாட்டைப் பார்க்கப்போவது அந்த ஜன்னல் வழியாக மட்டும்தான். அது உன் பிரிவு இல்லை என்று சொல்வார்கள். தூதரிடம் நேரம் கேட்டு, பார்த்ததை மரியாதையாகச் சொல்.

அந்த ஊர் மொழியை விடாமல் படி. இலக்கணம் தப்பினாலும் பரவாயில்லை, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஒரு கடைசிப் பக்கச் செய்தியையாவது தினமும் வாசி. வகுப்பு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று எழுது. அந்த நேரத்தில் நான் போன் போடாமல் இருக்கிறேன்.

உன் அம்மா